அலங்காரப் பெங்குவின்

...அலங்காரப் பொருளாம், வயிற்றை அமுக்கினால் தண்ணீர் துப்புகிற ரப்பர் பெங்குவின் அலங்காரப் பொருளாம், இதை எந்த வீட்டு அலமாரியில் வைத்து அழகு பார்ப்பார்களோ... கிளெனிஸ் பர்கிஸ் மதியத்துக்கு வாங்கிய இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியை ஒரு கடி கடித்துவிட்டு, மேசையில் உட்கார்ந்திருந்த மாதிரிப் பெங்குவினை முறைத்தாள். வயது அறுபதைத் தொடப்போகிறது, தலைமுடிச் சாயம் மட்டும் நாற்பதை விட்டு நகர மாட்டேன் என்கிறது, ஃப்ரீமேன்டில் துறைமுகத்துச் சுங்க முகவர்களில் இவளைப்போல வாய் யாருக்கும் இல்லை என்று பெயர். அந்த வாயைத்தான் பொம்மை இறக்குமதி செய்து விற்கிற டாரல் ஹாப்வுட் சற்றுமுன் போனில் கிளறிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு அவன் இறக்கிய கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கிறது. கைக்குழந்தைகள் விளையாடுகிற பொம்மை என்றால் பாதுகாப்புச் சோதனைச் சான்று எங்கே என்று சுங்க அதிகாரிகள் கேட்டுவிட்டார்கள், இவனிடம் இல்லை. "பாரத்துல பொம்மைங்கறதை அடிச்சிட்டு அலங்காரம்னு மாத்திப் போடு கண்ணு, வரி ஜாஸ்தியானாலும் கட்டித் தொலைக்கறேன்." வரி கட்டுகிறேன் என்று டாரல் தானாகச் சொன்ன முதல் நாள், கேக் வெட்டியிருக்க வேண்டும்! கண்ணாம்... யாருக்கு யார் கண்ணு? "குளிக்கிற தொட்டியில மிதக்கிற அலங்காரமா, உன் தலையில வச்சுக்கோ" என்றாள். "உன்னை விட்டா இந்த ஊர்ல ஆளே இல்லையா? அந்த இன்னொரு ஏஜென்ட் டக்கிட்ட போறேன், நீ ஆபீஸுக்குப் பூட்டு வாங்கு" என்று கத்தினான். போகட்டுமே. போனால் வருகிற வேலையில் பாதி போகும், வாடகை பாக்கி நிற்கும்... நிற்கட்டும், டக் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான், மூன்று முறை கல்யாண மோதிரம் மாற்றியவன்தானே.

பெங்குவினின் கண்ணைக் கட்டைவிரல் நகத்தால் சும்மா ஒரு நெம்பு நெம்பினாள். கழன்று மேசையில் உருண்டது, பட்டாணி அளவு. இது ஒரு பிள்ளையின் தொண்டைக்குள் போனால்... பொருள் என்னவோ அதுதான் அதன் பெயர், இறக்குமதி செய்கிறவன் ஆசைப்படுவது அல்ல, இதைச் சொல்லச் சட்டப் புத்தகம்கூட வேண்டாமே. மாட்டேன், மாட்டேன், லைசென்ஸ் என்னுடையது, கை என்னுடையது, கத்தட்டும் தொண்டை கிழிய... போன் மறுபடி அலறியது. வா ராசா, வா, இன்னும் நாலு வார்த்தை மிச்சம் இருக்கிறது என்று எடுத்தாள்.

"கிளெனிஸ்... கத்தினது தப்புதான். கடையே இந்தச் சரக்கை நம்பித்தான் நிக்குது. சாண்டிகிட்ட இன்னும் சொல்லலை." மூக்கை உறிஞ்சினான். மனைவியிடம் சொல்லாத டாரலா, அழுகிற டாரலா... "ஒரே ஒரு தடவை. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்." கத்துகிறவனிடம் மாட்டேன் என்பது எத்தனை சுலபமாக, எத்தனை ருசியாக இருந்தது, அப்படியானால் இத்தனை நேரம் நான் மறுத்துக்கொண்டிருந்தது பெங்குவினையா, அந்தக் கண்ணு என்ற சொல்லையா... "கிளெனிஸ், இருக்கியா?" இருக்கிறாள், வாயும் திறந்துதான் இருக்கிறது, அந்த மாட்டேன் மட்டும் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.