பாபா கேட்ட பெரிய வண்டி

ஷார்ஜாவில் அந்த வீட்டுத் தோட்டம் என்பது நாலு ஈச்ச மரமும் அதைச் சுற்றிக் கொஞ்சம் புல்லும்தான். தள்ளுகிற மெஷினை வைத்தே தோட்டக்காரன் பொன்னுச்சாமி பாட்டுப் பாடிக்கொண்டு வெட்டி முடித்துவிடுவான். அதற்குப் போய், ஏறி உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டுகிற டிராக்டர் வேண்டும் என்று பாபா ஒற்றைக்காலில் நின்றார்.

பாபா என்றால் முதலாளி ஹுமைதின் அப்பா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. போன குளிர்காலத்தில் ரொட்டி வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போனவர், வழி மறந்து, ஊருக்கு வெளியே தைத் ரோட்டில் பெட்ரோல் தீர்ந்து நின்றார். தேடிப் பிடித்துக் கூட்டி வந்த அன்றே மகன் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். அப்புறம் டிராக்டர் எதற்கென்று பொன்னுச்சாமிக்குத் தெரியாதா என்ன? புல் வெறும் சாக்கு.

பழைய மெஷின் பழுதாகிப் புதுசு வாங்கக் கடைக்குக் கிளம்புமுன் அப்பாவும் மகனும் தனித்தனியாக அவனைப் பிடித்துக்கொண்டார்கள். பாபா மரத்தடியில் உட்கார வைத்துத் தன் கையாலேயே கஹ்வாக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

"சாமி, நீ தோட்டக்காரன். நீ சொன்னா அவன் கேப்பான். பெரிசுதான் வேணும்னு சொல்லு," என்றார். வருஷக்கணக்காக இருவருக்கும் அரைகுறை இந்திதான் பாஷை. அதிலேயே எல்லாம் பேசிக்கொள்வார்கள்.

கார் பக்கத்தில் ஹுமைத் மடக்கினான். "சின்னது போதும்னு நீதான் சொல்லணும். நான் சொன்னா சண்டை வரும். கேட் ஒரு நாள் திறந்து கெடந்தாப் போதும், அவர் ரோட்டுக்குப் போயிடுவார். அப்புறம் நீதான் பொறுப்பு."

பொன்னுச்சாமியின் விசா ஹுமைத் கையில் இருக்கிறது. அதைவிட, அவன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் பொன்னுச்சாமியை வதைத்தது. ஊரிலிருக்கும் மனைவி நாகவள்ளியிடம் போனில் புலம்பினான். "அப்பனுக்கும் மகனுக்கும் நடுவுல நீங்க எதுக்கு? வாயத் தெறக்காம நில்லுங்க," என்றாள் அவள். நல்ல யோசனைதான், யார் விட்டார்கள்?

கடையில் நுழைந்ததும் பாபா ஒரு சிவப்பு டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அங்கியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினார். அவர் அப்படிச் சிரித்துப் பொன்னுச்சாமி பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

"சொல்லு சாமி, எது வேணும்?" என்றான் ஹுமைத்.

பாபா பொன்னுச்சாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தள்ளுற மெஷினே போதும், அர்பாப்," என்றான் முதலாளியிடம், தரையைப் பார்த்து.

பாபா இறங்க மாட்டேன் என்றார். "இறக்கி விடு," என்றான் ஹுமைத். அந்தப் பாவமும் பொன்னுச்சாமி தலையிலேயே விழுந்தது. பாபா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பொன்னுச்சாமிதான் பிரித்து எடுத்தான்.

பாபா ஏசட்டும், கை நீட்டி அடிக்கட்டும், வாங்கிக்கொள்வோம் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் மறுநாள் காலையில் புது மெஷினைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக்குப் போனான்.

பாபா மரத்தடியில் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்திருந்தார். இவனைக் கண்டதும் முகம் மலர்ந்து அரபியில் ஏதோ சொன்னார். அந்த அளவு அரபி பொன்னுச்சாமிக்குப் புரியும்.

"இவன்தான் நம்ம சாமி. என் மகன் சின்னது போதும்னான். இவன்தான் எனக்காகப் பேசிப் பெரிசை வாங்க வெச்சான்."

பொன்னுச்சாமி வாயைத் திறந்தான். அதற்குள் பாபா கஹ்வாவை ஊற்றி நீட்டிவிட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக் குடித்தான், கசந்தது.

"வண்டி எப்ப வருது?" என்று இந்திக்கு மாறிக் கேட்டார் பாபா.

"நாளைக்கு, பாபா."

"அப்ப கேட்டை நல்லா அகலத் திறந்து வை. வண்டி பெரிசு."

"சரி, பாபா," என்று சொல்லிவிட்டுப் போன பொன்னுச்சாமி, கேட் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.