பொம்மை போட்டிருந்த சட்டை

புயல் ஓய்ந்த மறுநாள் காலை, தெருவில் பாதிப் பேர் பறந்துபோன கூரைத் தகட்டைத் தேடினார்கள். மீதிப் பேர் ஒரே இழுவைத் தேடினார்கள்.

ஒரே இழு என்பது டிராக்டர்காரரின் பட்டப்பெயர். சேற்றில் புதைந்த லாரியானாலும் சரி, பள்ளத்தில் கவிழ்ந்த வேனானாலும் சரி, அவருடைய டிராக்டர் ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவந்துவிடும். இரண்டாவது இழுப்பு என்றால் அவருக்கு மானம் போன மாதிரி.

அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் வேலை. வாசல் மரத்தின் பெருங்கிளை முறிந்திருந்தது. முறிந்தது கீழே விழுந்திருந்தால் தொல்லை இல்லை. பக்கத்துக் கவட்டில் மாட்டிக்கொண்டு நெட்டுக்குத்தலாக நின்றது. முறிந்த அடிப்பக்கம் ஆள் உயரத்தில் தொங்க, நுனி இரண்டு மாடி உயரத்தில் ஆடியது. இலைகளை உரசிக்கொண்டு மின்கம்பி போனது. மறுநாள் பள்ளி திறக்க வேண்டும்.

"லைன்மேன் வந்து கரண்டை நிறுத்தட்டுமே" என்றார் தலைமையாசிரியை.

"லைன்மேன் என் மச்சான்தான் டீச்சர். அவர் வர்றதுக்குள்ள மரம் இன்னொரு கிளை விட்டுடும்."

கூட்டம் சிரித்தது. இருபது செல்போன்கள் உயர்ந்தன. "அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றார் டீக்கடைக்காரர். ஒரே இழு சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டார். வழக்கமான கயிறு, பத்தடி நடந்தால் தீர்ந்துவிடும். அதன் ஒரு முனையை, குனியச் சோம்பல்பட்டு, டிராக்டர் இருக்கைக்குப் பின்னால் உயரமான கம்பியிலேயே கட்டினார். மறுமுனையைக் கிளையில் கட்ட நடந்தவர், பின்னால் சாவி குலுங்கும் சத்தம் கேட்டுச் சட்டென்று நின்றார். டிராக்டரின் சாவியை யாரோ உருவிவிட்டிருந்தார்கள்.

எதிரே தையல் கடை வைத்திருக்கும் அவருடைய மனைவிதான். சாவி இப்போது அவள் கழுத்தில், அளவு நாடாவோடு சேர்ந்து தொங்கியது. கையில் மர ஸ்கேல்.

"ஏங்க, கயித்தை அளந்தீங்களா?"

"பார்த்தாலே தெரியாதா?"

"பார்த்தாலே தெரிஞ்சா எனக்கு எதுக்கு நாடா? பார்த்துட்டு வெட்டின துணி ஒருத்தருக்கும் சேராது."

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நீட்டிய கையின் நீளத்துக்கு ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்தாள். கிளையின் அடியும் நுனியும் ஸ்கேலுக்குள் அடங்கும் வரை பின்னாலேயே நடந்தாள். டிராக்டரைத் தாண்டியும் நடந்தாள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. கடைசியில் டீக்கடை பெஞ்சில் முட்டி நின்றாள்.

"எங்கண்ணன் கரண்டு கம்பத்துக்குப் போடுற கணக்கு இது; கிளை எவ்வளவு நீளமோ, இங்கிருந்து மரமும் அவ்வளவு தூரம். கிளை சாஞ்சா அதோட தலை இங்க வரைக்கும் வரும். உங்க சீட்டு அதுக்குப் பாதித் தூரத்துல இருக்கு. இழுத்தா, நீங்களே உங்க தலையில இழுத்துப் போட்டுக்கிறீங்க."

"எத்தனை வருஷமா இழுக்கிறேன்? லாரி எந்திரிச்சு என் தலையில விழுந்துச்சா?"

"லாரி படுத்திருக்கும். இது நிக்குதுங்க."

அவர் சாவிக்காகக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. இருபது போன்களும் இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தன.

அவள் போன் போட, லைன்மேன் மச்சான் அரை மணியில் வந்தார். மின்சாரத்தை நிறுத்தினார். கயிற்றைப் பார்த்தார், அது கட்டியிருந்த இடத்தைப் பார்த்தார்.

"மாப்ள, இதுல கட்டி இழுத்தா முன்சக்கரம் தூக்கிடும். வண்டி குதிரை மாதிரி மல்லாந்துடும். கீழ் கொக்கியில மாட்டு."

"சரிங்க மச்சான்."

"கயிறு, கிளை உயரத்துக்கு ரெண்டு மடங்காவது வேணும். என் வண்டியில இருக்கு. டீக்கடை, பெஞ்சை எடுத்துட்டு தெருமுனைக்குப் போங்க. கயித்துக்கு நேரா ஒரு ஆளும் நிக்கக் கூடாது, அறுந்தா சாட்டையா அடிக்கும்."

டிராக்டர் தெருமுனை வரை போனது. மச்சான் பக்கவாட்டில் தள்ளி நின்று நீளக் கழியால் கிளையின் அடியில் கொக்கியை மாட்டினார். அதற்குள் மனைவி கடைக்குள் போய்த் தையல் பொம்மையைத் தூக்கி வந்தாள். டிராக்டர் முதலில் நின்ற இடத்தில் ஸ்டூல் போட்டு அதை உட்காரவைத்தாள். பொம்மை நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தது.

"அது என் சட்டையாச்சே" என்றார் ஒரே இழு.

"ஆமா. உங்களுக்குப் பதிலா அவர் உட்காரட்டும்."

தெருமுனையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"இன்னிக்கு ஒரே இழுப்பு கிடையாது மாப்ள. மெதுவா இறுக்கு, நிறுத்து, பாரு. அப்புறம் இழு."

முதல் இழுப்பில் கயிறு விறைத்தது. இரண்டாவதில் கவடு முனகியது. மூன்றாவதில் கிளையின் அடி நழுவி வெளியே வந்தது; உச்சி கிறீச்சிட்டுக்கொண்டு சாய்ந்தது. சாயத் தொடங்கியதுதான் தெரிந்தது. அடுத்த நொடி தெரு முழுக்கப் புழுதி.

புழுதி அடங்கியபோது பொம்மையைக் காணவில்லை. ஸ்டூலின் ஒரு கால் மட்டும் தெருவில் கிடந்தது. தடித்த கொம்புக்கு அடியிலிருந்து ஒரு நீலக் கை நீட்டிக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ஒரே இழு இறங்கி நடந்து வந்தார். அந்தக் கையைத் தொட்டார். வெறும் துணிதான். மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார்.

"தலைக்கு வந்தது சட்டையோட போச்சு" என்றாள் அவள். "வேற தைச்சுக்கலாம்."

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு தெருவே சிரித்தது. பள்ளி வாசலில் இனி ஆபத்து இல்லை. டீக்கடைக்காரர் எல்லோருக்கும் இலவசமாக டீ என்று அறிவித்துவிட்டு, உடனே "ஒண்ணுதான், ரெண்டாவதுக்குக் காசு வாங்கிடுவேன்" என்று திருத்தினார்.

"மூணு இழுப்பு ஆயிடுச்சே மாப்ள. இனிமே உன்னை எப்படிக் கூப்பிடுறது?"

"அளந்து இழுன்னு கூப்பிடுங்க மச்சான்." அவர் போன்களின் பக்கம் திரும்பினார். "எடுங்க, இதையும் எடுங்க. நாலு பேர் கைதட்டணும்னு அவசரப்பட்டேன். அந்தக் கைதட்டலைக் கேட்க நான் இருந்திருக்க மாட்டேன். புயல்ல தப்பிச்சவன் மறுநாள் மரத்துல சாகக் கூடாது. கரண்டு நிக்கட்டும், கயிறு நீளமா இருக்கட்டும், ஆளுங்க தள்ளி நிக்கட்டும். கிளை எங்கயும் ஓடிப்போயிடாது."

மனைவி கழுத்திலிருந்து நாடாவைக் கழற்றி அவர் தோளைச் சுற்றினாள்.

"அசையாம நில்லுங்க. புதுச் சட்டைக்கு அளவெடுக்கணும்."

அவர் அசையாமல் நின்றார்.