வாசுகிக்கு டூப் வேண்டாம்

சிவப்புச் சுடிதார், இடுப்புவரை தொங்கும் பின்னல் விக், முகம் நிறையத் தாடி. இந்தக் கோலத்தில் அர்ச்சுனன் வேனிலிருந்து இறங்கியதும், ரெங்கம் செம்பனை ஆலை வளாகத்தில் படப்பிடிப்பு பார்க்கக் கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அலமாக்! வாசுகிக்கு மாப்பிள்ளை தேடுறாங்கன்னு கேள்விப்பட்டேன். வாசுகியே மாப்பிள்ளையா வந்து நிக்கிறா லா!" என்று குரல் கொடுத்தாள், ஆலை கேண்டீன் நடத்தும் சந்திரமதி.

வாசுகி சிரிக்கவில்லை. அவளும் அதே சிவப்புச் சுடிதாரில்தான் நின்றிருந்தாள். தனக்கு டூப் போட ஓர் ஆள் வருகிறார் என்பதே அவளுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

வாசுகிக்கு முப்பத்தேழு வயது. பதினேழு வயதில் ஜொகூர் மாநிலத்துக்காக நீளம் தாண்டியவள். அந்தக் கால்கள்தான் அவளைச் சினிமாவுக்கும் கொண்டுவந்தன. முதல் ஆறு படங்களில் ஓடியதும் தாவியதும் உதைத்ததும் அவளேதான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சண்டைக் காட்சியில் இடது முட்டியின் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை முடிந்து நடித்த படத்தில், கேட்காமலேயே டூப் வைத்தார்கள். குளுவாங் தியேட்டரில் அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் வாசுகி சுவரேறிக் குதித்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், வாசுகி கால்ல எவ்வளோ முடி பாருடா!" தியேட்டரே குலுங்கியது. இடைவேளையில் எழுந்து வெளியே வந்தவள், வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சிம்பாங் ரெங்கம் பள்ளித் திடலுக்குப் போனாள். தான் தாண்டிப் பழகிய மணல் குழி இன்னும் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

இடது காலை ஊன்றித் தாவிப் பழகியவள், ஒன்றரை வருடம் உழைத்து வலது காலுக்கு மாறினாள். ஓடலாம், தாண்டலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அதன் பிறகுதான் இந்தப் படத்துக்கு ஒப்புக்கொண்டாள். உச்சக்காட்சியில், பின்புறமும் பின்புறமுமாக நிற்கும், பலகைத் தளமுள்ள இரண்டு திறந்த டிரெய்லர் லோரிகளுக்கு இடையே கதாநாயகி பாய்ந்து தப்பிக்க வேண்டும். "நீங்களேதான் பாயணும்க்கா" என்று இயக்குநர் ரூபேந்திரன் சொல்லியிருந்தான்.

இப்போது அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான்தான் வரச் சொன்னேன்," என்றார் தயாரிப்பாளர் திருச்செல்வம். "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரனுக்கு யார் பதில் சொல்றது? டேய் அர்ச்சுனா, என்னடா தாடி?"

"நேர்த்திக்கடன் அண்ணே. தைப்பூசத்துக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கு. காவடி எடுத்துட்டுத்தான் முடி இறக்குவேன். உங்க ஆபீஸ்ல போன்லயே சொன்னேனே, தாடி இருக்குன்னு. பரவால்லன்னாங்க."

"பொம்பளைக்கு டூப்புன்னு சொல்லலையா?"

"இங்க வந்து சுடிதாரைக் கையில குடுத்தப்பதான் தெரியும்."

"எடுத்துரு. நான் முருகன்கிட்ட பேசிக்கிறேன்."

"நீங்க என்ன பேசுவீங்க? என் மவ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வேண்டிக்கிட்டது நான். உங்க கேமராவுக்காக எடுக்க மாட்டேன்."

அர்ச்சுனன் விக்கைக் கழற்றித் திருச்செல்வத்தின் நாற்காலியில் வைத்தான். அவர் அசரவில்லை. அவனையே துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு பாயச் சொன்னார்.

"முகத்தை மூடிக்கிட்டுப் பாயறதுக்கு நான் என்ன பேங்க் கொள்ளையடிக்கவா வந்திருக்கேன்?" என்றாள் வாசுகி.

"உன்னை யாரு பாயச் சொன்னா? சரி, காட்சியையே மாத்திடுவோம். ஹீரோ பாயட்டும். நீ அந்த லோரியில நின்னு 'காப்பாத்துங்க'ன்னு கத்து."

"கத்துறதுக்கு வேற ஆளைப் பாருங்க, பாஸ்."

அவள் விறுவிறுவென்று முதல் டிரெய்லரில் ஏறினாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தோள்பையிலிருந்த ஓடுகாலணியை மாட்டினாள். விளிம்பிலிருந்து அடி எண்ணிக்கொண்டே பின்னால் போய்ச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டாள்.

"இறங்கு வாசுகி!"

"டாக்டர் லெட்டர் மூணு மாசமா உங்க மேசையில கெடக்கு. படிச்சீங்களா? படிச்சிட்டு வந்து இறங்கச் சொல்லுங்க."

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். அர்ச்சுனன் யாரையும் கேட்கவில்லை. சுடிதாரோடு இரண்டு லோரிகளுக்கும் நடுவே இறங்கி, அட்டைப் பெட்டிகளை அடுக்கி, அவற்றின் மேல் மெத்தைகளை இழுத்துப் போட்டான். இடைவெளியை அளந்தான். "பதிமூணு அடிக்கா. அந்தப் பக்கம் பலகை மேல மெத்தை போட்டிருக்கேன். ஓரம் மட்டும் வழுக்கும்."

மாநிலப் போட்டியில் அவள் பத்தொன்பது அடி தாண்டியவள். ஆனால் அன்று கீழே மணல் இருந்தது.

ரூபேந்திரன் திருச்செல்வத்தைப் பார்த்தான். பிறகு, கேமரா ஓடட்டும் என்று கையைக் காட்டினான்.

வாசுகி ஓடினாள். பலகை அதிர்ந்தது. வலது கால் விளிம்பில் ஊன்றியது. ஒரு கணம் காலடியில் எதுவும் இல்லை. அடுத்த கணம் எதிர் லோரியின் மெத்தையில் இரண்டு காலும் சேர்ந்து இறங்கின. ஆலை வாசல்வரை கைதட்டல் கேட்டது.

திருச்செல்வமும் தட்டினார். "சூப்பர்! நல்லபடியா முடிஞ்சது. பேக்கப்!"

வாசுகி மூச்சு வாங்கியபடி மானிட்டருக்கு வந்தாள். படத்தை ஓட்டச் சொன்னாள். திரையில் ஒரு முதுகு ஓடியது. ஒரு பின்னல் பறந்தது. சிவப்புத் துணி இடைவெளியைக் கடந்தது. அவ்வளவுதான்.

கேமராவை டூப்புக்காக வைத்திருந்தார்கள். டூப்பின் முகம் தெரியக்கூடாது என்பதால் பின்னாலிருந்து வைத்த கேமராவை யாரும் மாற்றவே இல்லை.

"இது யாரு?" என்று கேட்டாள்.

"நீங்கதான்க்கா," என்றான் ரூபேந்திரன் மெதுவாக.

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். டிக்கெட் வாங்குறவனுக்கு எப்படித் தெரியும்? கேமராவை முன்னாடி வை. இன்னொரு தடவை."

"அஞ்சு மணிவரைக்கும்தான் ஆலையில அனுமதி," என்றார் திருச்செல்வம். "இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. முட்டி வேற வீங்குது, பாரு."

"வீங்கட்டும். என் முட்டிதானே?"

ரூபேந்திரன் கேமராவைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, இரண்டாவது லோரிக்கு நடந்தான். "டேய், நான் சொல்லல..." என்று திருச்செல்வம் ஆரம்பித்தார்.

"நான்தானே டைரக்டர்? தப்பா வச்சது நான். சரியா வைக்கிறேன், பாஸ்."

வாசுகி மறுபடி கோட்டில் நின்றாள். இம்முறை முட்டிக்குள் ஏதோ தடித்திருந்தது. ஓட ஆரம்பித்தாள். நான்காவது அடியிலேயே வேகம் போதாது என்று தெரிந்துவிட்டது. நின்றிருக்கலாம். நிற்கவில்லை. விளிம்பில் கால் ஊன்றி, எதிரே இருந்த கேமராவையே முறைத்துக்கொண்டு பாய்ந்தாள்.

மெத்தை எட்டவில்லை. வலது பாதம் மட்டும் பலகையின் ஓரத்தைத் தொட்டு வழுக்கியது. நெஞ்சு பலகையில் மோதியது. கூட்டம் "ஐயோ!" என்றது. கீழேயிருந்த அர்ச்சுனன் கையை நீட்டினான்.

"தொடாதே!" என்று அலறினாள்.

லோரியின் பக்கவாட்டில் கட்டியிருந்த கயிற்றைப் பற்றினாள். பல்லைக் கடித்து, முழங்கையை மேலே போட்டு, உடம்பை இழுத்து ஏறினாள். எழுந்து நின்றாள். கேமராவுக்கு நேராக இரண்டடி நடந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

"கட்," என்றான் ரூபேந்திரன்.

சந்திரமதி ஒரு பை நிறைய ஐஸ் கொண்டுவந்து வாசுகியின் முட்டியில் வைத்தாள். மானிட்டரை அவள் பக்கமே எடுத்து வந்தார்கள். திரையில் வாசுகி பாய்ந்து வந்தாள். வாய் கோணியிருந்தது. முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. மூக்கு விரிந்து, பல் தெரிந்து, கண்ணில் கோபமும் பயமும் ஒன்றாகக் கலந்திருந்தன.

திருச்செல்வம் முகம் சுளித்தார். "பாய்ஞ்சது சரி. முகம்தான் கொஞ்சம் அசிங்கமா இருக்கு. கிட்ட வர்றப்ப வெட்டிட்டு, முதல்ல எடுத்ததைப் போட்டுக்கலாம். அதுல நீ எட்டிட்டியே."

"எட்டாததையே போடுங்க."

"நீ விழுந்துட்ட வாசுகி."

"விழுந்தேன். ஏறினேன். ரெண்டும் நான்தான் செஞ்சேன். அதுல ஒண்ணை வெட்டினாலும் டப்பிங்குக்கு வர மாட்டேன்."

ஐஸ் பையைச் சந்திரமதியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து, லோரியிலிருந்து இறங்கினாள். நாற்காலி கொண்டுவந்த இருவரையும் விலகச் சொன்னாள். ஆலை வாசலில் நின்ற அவள் கார் நூறடிக்கு மேல் தள்ளி இருக்கும். அத்தனை பேரும் பார்க்க, நொண்டலை மறைக்காமல், நொண்டியபடியே நடந்து போனாள்.