சின்னம் இருந்த இடம்

ஆலையில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து, தையற்காரருக்குச் சீருடைகளில் ஆலைச் சின்னத்தைப் பிரிக்கும் வேலைதான். சட்டை வெளுத்திருந்ததால் சின்னம் இருந்த இடம் மட்டும் புதுநீலமாய்க் காட்டிக்கொடுத்தது. அதை மறைக்க வலப்பக்கம் ஒரு பை தைத்துவிட்டார். ஊரே அப்படித் தைத்துக்கொண்டு வெளியூருக்கு வேலை தேடிப் போனது.

மாலையில் தங்கை புருஷன் ஓய்ந்துபோய் வந்தான்.

“என்ன மாப்ளே, வேலை கிடைச்சுதா?”

“எங்க மச்சான்! வாசல்லயே, ‘வலப்பக்கம் பையா? அப்ப அந்த ஆலைதான். உங்களுக்கெல்லாம் பாதிச் சம்பளம் போதும்’னுட்டான்.”

தையற்காரர் பெருமூச்சோடு தன் சட்டையைக் கழற்றி நீட்டினார்.

“நாளைக்கு இதைப் போட்டுட்டுப் போ.”

“உங்க தொப்பைக்குத் தைச்சதுல ரெண்டு பேர் நுழையலாம்!”

“பிடிச்சுத் தர்றேன், உட்காரு” என்று ஊசியில் நூல் கோத்தார்.