ஒரு சொல்லும் மாறாத பதில்

முருகலட்சுமி மறுபடியும் ஒரு சொல் பிசகாமல் அதே பதிலைச் சொன்னதும் ஃபஸீலாவுக்குச் சந்தேகம் உறுதியாயிற்று. மறக்க முடியாத நாளைப் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொல்லும் கேள்வி அது. மனப்பாடம் என்று பட்டால் தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். அயர்லாந்தில் போய்ப் படிக்கும் வாய்ப்பு முருகலட்சுமிக்குக் கைநழுவிவிடும். சாயல்குடியில் இந்த ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு தொடங்கியதிலிருந்து ஃபஸீலா எத்தனையோ இரவல் கதைகளைக் கேட்டுவிட்டாள். கடலுக்குப் போன அய்யா திரும்பாததை ஒரு மகள் இப்படிக் குரல் நடுங்காமலா சொல்வாள்?

“யாரு எழுதிக் குடுத்தாக புள்ள? யூடியூப்பா?”

“நடந்ததுதான் மிஸ். மாரியூர்ல வந்து கேளுங்க.”

“அப்ப வேற மாதிரி சொல்லு, பாப்போம்.”

முருகலட்சுமி அவளையே பார்த்தாள். “அய்யாவக் காணோம்னு விசாரிக்க வந்த போலீசு, ஆபீசருககிட்ட எல்லாம் நாந்தான் சொன்னேன். ஒரு வார்த்த மாறுனாலும், ‘அன்னைக்கு அப்படிச் சொன்ன, இன்னைக்கு இப்படிச் சொல்ற’ன்னு மடக்குனாக. அதான் ஒண்ணுபோலயே சொல்லிப் பழகிட்டேன்.”

தானும் அவர்களைப் போலத்தான் கேட்டிருக்கிறோம் என்பது ஃபஸீலாவுக்கு உறைத்தது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

“சரிம்மா. வேற ஒரு நாளப் பத்திப் பேசுவோமா?”



“எதுக்கு மிஸ்? இன்னும் நம்பலயா?”