மூன்றாவது கியரில் பாடும் வண்டி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில்.

என் கண்ணாடியின் ஒரு கால் ஆட்டம் கண்டிருந்தது. அதை முடுக்கித் தரக் கேட்டு நின்றபோது, உள்ளறையில் லென்ஸ் வெட்டிக்கொண்டிருந்த பெண் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. சில மாதங்களுக்கு முன் என் பழைய மஞ்சள் காரை ஓட்டிப் பார்க்க வந்தவள். அந்தக் கார் அவளிடம்தான் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"வண்டி எப்படிம்மா ஓடுது?" என்றேன்.

"எந்த வண்டி சார்?"

"மஞ்சள் வண்டிதான். உங்க அத்தான் வந்து எடுத்துட்டுப் போனாரே."

சின்னத் திருப்புளியைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "திருகாணி தேஞ்சிருக்கு சார். புதுசு போடணும். அடுத்த வாரம் வாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் செய்தது அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் மற்றவர்கள் ஏற்கனவே செய்து முடித்திருந்தார்கள்.

2

தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

"சிறுவயதிலிருந்தே அவளுக்குக் கார்கள் என்றால் உயிர். பொம்மைக் கார்களை வரிசையாக அடுக்கி" (பொய். லைசன்ஸ் கையில் வரும்வரை அவள் கார்களை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.)

"சுதந்திரம் என்பது நான்கு சக்கரங்களின் மேல்" (இந்த வாக்கியத்தை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். அவளைச் சின்னவள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய அக்கா அப்படித்தான் கூப்பிடுவாள். சின்னவள் இரண்டு பெண்களோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு இருந்தாள். வேலைக்குப் போக ஒரு பஸ், இறங்கி இன்னொரு பஸ். பகலெல்லாம் இயந்திரத்தில் லென்ஸின் விளிம்பை வெட்டி, விளக்கு வெளிச்சத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லைசன்ஸ் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினாள். தேறிய அன்றே, நமக்கு என்று ஒரு வண்டி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

புது வண்டி கைக்கு எட்டாது. பழையதிலும், வயது குறைந்தவர்களுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் சொல்லும் தொகையைக் கேட்டால் நடந்தே போய்விடலாம் என்று தோன்றும். ஆகவே சின்ன எஞ்சின், சின்ன வண்டி. ஆனால் அவளுக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அதை அவள் அக்காவிடம் மட்டும்தான் சொன்னாள்.

"ஓட்டும்போது சிரிப்பு வரணும்க்கா. அவ்வளவுதான்."

அக்கா ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நகரத்தின் மறுகோடியில் அவளும் அவள் கணவரும் இருந்தார்கள். அந்தக் கணவர், அதாவது சின்னவளின் அத்தான், லிஃப்ட் பழுது பார்ப்பவர். திருகாணி உள்ள எந்தப் பொருளானாலும் அந்தக் குடும்பத்தில் அவரைக் கேட்காமல் வாங்குவதில்லை. கார் பார்க்கவும் அவர்தான் கூட வந்தார்.

ஒரு வண்டியில் நனைந்த நாயின் வாடை. இன்னொன்றின் சொந்தக்காரர், "பொண்ணு பின்னாடி உக்காரட்டும், நீங்க ஓட்டிப் பாருங்க," என்றார். எல்லாரும் அத்தானைப் பார்த்தே பேசினார்கள். வாங்கப் போகிறவள் பக்கத்தில் ஒரு குடை மாதிரி நின்றாள்.

அப்படித்தான் ஒருநாள் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

3

என்னைப் பற்றி: இந்தக் கதையில் விற்பவர் ஒரு சிறு பாத்திரம். அவரை என்னைவிடக் கொஞ்சம் இளமையாகவும் நிறைய பொறுமைசாலியாகவும் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் அன்று அவசரத்தில் இருந்தார். வண்டி போனால் போதும் என்றிருந்தார்.

வண்டி இரண்டு கதவுகள் கொண்டது. பின் சீட் பேருக்குத்தான். அத்தான் அதில் உட்காரப் பார்த்து, முழங்கால் மூக்கில் இடிக்க, "நான் இங்கயே நிக்கிறேன்," என்று இறங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சின்னவள் ஓட்டினாள். முதல் திருப்பத்தில் பயந்தாள், இரண்டாவதில் பயப்படவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு நீண்ட மேடு உண்டு. அதில் ஏறும்போது மூன்றாவது கியருக்கு மாற்றினாள். அந்த எஞ்சினுக்கு அந்தக் கியரில் ஒரு குரல் உண்டு. எனக்குப் பழகிப்போயிருந்தது. அவள் அதைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தாள். வேறு யாரும் பக்கத்தில் இல்லாததுபோல் சிரித்தாள்.

திரும்பி வந்தபோது அத்தான் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குச் சொல்றோம்," என்று என் கையைக் குலுக்கினார்.

அன்று சாயங்காலமே சின்னவள் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"பாடுதுக்கா அது."

"காரு எங்கயாவது பாடுமா?"

"மேட்டுல மூணாவது கியர் போட்டா பாடுது. வாயை மூடிட்டு முனகுற மாதிரி. எனக்குச் சிரிப்பு தாங்கல."

"என்ன மஞ்சள்? வெளிறுன மஞ்சளா?"

"எலுமிச்சம்பழம் மாதிரி. கூரையில ஒரு ஜன்னல் இருக்கு. திறந்தா காத்து தலைமேல கொட்டுது."

"சீட்டு துணியா, தோலா?"

அக்கா கேட்டுக்கொண்டே போனாள். சின்னவளும் சலிக்காமல் சொன்னாள். தனக்கு ஒன்று பிடித்ததை இன்னொருவர் இவ்வளவு ஆசையாகக் கேட்பது அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் அத்தான் கூப்பிட்டார்.

"மச்சினி, அந்த வண்டிய மறந்துரு. அடியில துரு தின்னு வெச்சிருக்கு. பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கான் அந்தாளு. என்னைக்காவது ரோட்டுல ரெண்டா மடங்கிரும்."

"நேத்து ஒண்ணும் சொல்லலியே அத்தான்?"

"அந்தாளு முன்னாடி எப்படிச் சொல்றது?"

[அந்தாள் நான்தான். என் வண்டியில் துரு கிடையாது. இதைக் கதாசிரியனாகச் சொல்லவில்லை, வண்டி வைத்திருந்தவனாகச் சொல்கிறேன். கதையில் என் சொந்தக் கோபம் கலந்திருக்கும் இடம் இது; வாசகர்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கவும்.]

சின்னவள் அக்காவுக்குப் போன் போட்டு அழுதாள். ஒரு காருக்காக அழுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது, அதனால் இன்னும் அழுதாள். அக்கா பொறுமையாகக் கேட்டாள். "விடுடி. உனக்கு இன்னொண்ணு கிடைக்கும். முகத்தைக் கழுவிட்டுச் சாப்பிடு," என்றாள்.

4

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அத்தானை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் தனியாக என்னிடம் வந்தார். "அவளுக்குத்தான் சார். போன் கீன் பண்ணிச் சொல்லிராதீங்க. திடீர்னு கொண்டு போய் நிறுத்தணும்," என்றார். நானும் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தேன். ஆகவே கண்ணாடிக் கடைச் சம்பவத்துக்குப் பிறகு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அவரை ஒரு கை பார்த்துவிட்டேன். ஒட்ட வெட்டிய மீசை வைத்தேன். விரலில் தடியான மோதிரம் போட்டேன். மச்சினியின் சந்தோஷத்தைப் பொறுக்காத ஒரு மனிதரை இரண்டு பக்கத்துக்கு நெய்தேன். நன்றாகவே வந்திருந்தது.

ஆனால் அவருக்கு மீசை கிடையாது. சின்னவள் அந்த அறைக்குக் குடிபோனபோது கட்டிலை முதுகில் சுமந்து மாடி ஏற்றியவர் அவர்தான். கூட வந்து பார்த்த ஒவ்வொரு வண்டிக்கும் தன் விடுமுறையைத்தான் செலவழித்தார். நல்லவர் என்று எழுதினால் நடந்தது பொருந்தவில்லை. கெட்டவர் என்று எழுதினால் மனிதர் பொருந்தவில்லை. கதையைப் பாதியில் மூடி வைத்தேன்.

(மூடி வைத்தது நல்லதாகப் போயிற்று.)

5

அத்தானே வேறொரு வண்டி பிடித்துத் தந்தார். சாம்பல் நிறம், நான்கு கதவு, ஓய்வு பெற்ற ஒருவர் மெதுவாக ஓட்டியது. பல் டாக்டரின் வரவேற்பறைக்குச் சக்கரம் வைத்தது போலிருந்தது. "இதுதான் உனக்கு அடக்கம். இன்சூரன்ஸும் தாங்கும்," என்றார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டினால் ஓடியது, நிறுத்தினால் நின்றது. சின்னவள் வாங்கிவிட்டாள்.

வாங்கியதும் அக்காவை ஏற்றிக்கொண்டு எங்காவது போய்வர ஆசைப்பட்டாள். எப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் அக்கா வீட்டுக்குப் போவாள். இப்போது அக்கா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டில் பெயிண்ட் அடிக்கிறோம், உனக்குத் தும்மல் வரும். அத்தானுக்கு டூட்டி மாறியிருக்கிறது. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, படுத்திருக்கிறேன். வாரம் தவறாமல் அக்காவே போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, வராதே என்பதையும் ஆசையாகவே சொன்னாள்.

சின்னவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று இங்கே ஒரு பத்தி எழுதி, எடுத்துவிட்டேன். அக்காவைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்.

அப்புறம்தான் நான் கண்ணாடி முடுக்கப் போனேன்.

6

அடுத்த வாரம் நான் போனபோது கடையில் வேறு யாரும் இல்லை. அவளே சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள்; பேச்சு அவளுடையது, தெருவும் வெயிலும் நான் போட்டவை.

விடுப்பு எடுத்துக்கொண்டு, பிற்பகலில், சொல்லாமல் போயிருக்கிறாள். சாம்பல் வண்டியை முனையில் நிறுத்திவிட்டு நடந்தாள். அக்கா வீட்டுச் சுவரோரம் மஞ்சள் வண்டி நின்றது. பாதியை ஒரு பழைய போர்வை மூடியிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் அக்கா இருந்தாள். எஞ்சின் ஓடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கிளட்சை மிதித்து, கியரை ஒவ்வொன்றாக மாற்றி, உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்னவள் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். அக்கா மெதுவாகக் கண்ணாடியை இறக்கினாள்.

"எப்ப வந்த?"

"இப்பதான். பெயிண்ட் அடிச்சு முடிச்சாச்சா?"

அக்கா ஸ்டியரிங்கைப் பார்த்தாள்.

"அத்தான் உன்னையும் ஏமாத்திட்டாராக்கா? இது துருப்பிடிச்ச வண்டின்னு என்கிட்ட சொன்னாரு."

(கவனியுங்கள். இந்தக் கேள்வியில் அவள் அக்காவுக்கு ஒரு வழி விட்டிருக்கிறாள். 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும், பழி முழுக்க அந்த மனிதர் தலையில் விழுந்திருக்கும். நானும் அவரை மீசையோடு விட்டிருப்பேன்.)

"அவரைச் சொல்லாத," என்றாள் அக்கா. "நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"துருன்னா?"

"ம்."

"அன்னிக்கு நான் உன்கிட்டதானே அழுதேன்."

"கேட்டுட்டுத்தானே இருந்தேன்."

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். இருவரும் அவர் போகும்வரை காத்திருந்தார்கள். பிறகு அக்கா பேசினாள்.

"சிரிப்பு தாங்கலன்னு சொன்னல்ல. போனை வெச்சிட்டு அடுப்புக்கிட்டயே நின்னுட்டிருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு இது வேணும்னு அவர்கிட்ட எதையும் கேட்டதில்லடி. எதுவும் வேணும்னு தோணுனதும் இல்ல. அன்னிக்குத் தோணிச்சு. அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. தங்கச்சி ஆசைப்பட்டது, உனக்கு வேற பாக்கலாம்னாரு. எனக்கு வேற வேணாம்னுட்டேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா குடுத்திருப்ப."

"குடுத்திருப்பேன்."

"அதான் கேக்கல. அப்புறம் இது நீ விட்டுக்குடுத்த வண்டியாயிரும். என் வண்டியா இருக்காது."

அக்கா திட்டியிருந்தால் சின்னவள் திருப்பித் திட்டலாம். அழுதிருந்தால் கூடவே அழலாம். அக்கா இரண்டும் செய்யவில்லை. கணக்கைச் சரிபார்த்துச் சொல்வதுபோல் சொல்லிவிட்டாள். இத்தனை நாள் தன்னை நன்றாகத் தெரிந்த ஒரே ஆள், அந்தத் தெரிதலைத் தன்மேலேயே பயன்படுத்தியிருக்கிறாள் என்பதுதான் சின்னவளுக்கு உறைத்தது. வண்டி அப்போது ஒரு பொருட்டாகவே இல்லை.

அக்கா சாவியை உருவி, ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வா. எனக்கு இன்னும் ரோட்டுல எடுக்கப் பயமா இருக்கு."

7

முடிவுகள்.

(அ) சின்னவள் சாவியை வாங்கி, கதவோரம் முழுக்க ஒரு கோடு இழுக்கிறாள். எழுதும்போது எனக்கு இனித்தது. ஆனால் மயிரிழைக் கீறலைத் தேடித் தேடி ஒதுக்குவது அவள் பிழைப்பு. அவள் கை அதைச் செய்யாது.

(ஆ) சாவியை வாங்கி ஓட்டிக்கொண்டு போகிறாள், திரும்பி வரவில்லை. அக்கா வாசலிலேயே நிற்கிறாள். நாற்பது பக்கம் நீட்டலாம். யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை.

(இ) மறுபக்கம் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "கிளட்சை மெதுவா விடு," என்று அக்காவுக்குச் சொல்லித்தருகிறாள். என் மனைவிக்கு இதுதான் பிடித்திருந்தது. அவளுக்கு அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது.

(ஈ) சின்னவள் திரும்பி நடந்து (இதையும் எழுதி முடிக்க முடியவில்லை.)

அவளிடமே கேட்டேன். "சாவியை வாங்கினீங்களா?"

அவள் என் கண்ணாடியை விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போட்டுப் பாருங்க சார், காதுல அழுத்துதா?" என்றாள். அந்த நேரம் அவள் போன் அடித்தது. பெயரைப் பார்த்தாள். எடுத்தாள். "சாப்டேன்க்கா. கடையில ஆள் இருக்காங்க, அப்புறம் பேசறேன்," என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எந்த அக்காவிடமும் எந்தத் தங்கையும் பேசுகிற குரல். அந்தக் குரலைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அது சமாதானத்தின் குரலா, இனிமேல் எப்போதும் இப்படித்தான் என்று முடிவெடுத்தவளின் குரலா, எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் கண்ணாடி சரியாகப் பொருந்திவிட்டது. இனி அந்தக் கடைக்குப் போகக் காரணமில்லை.

ஆகவே அந்தப் பிற்பகலை அப்படியே விட்டுவிட்டுப் போகிறேன். அக்காவின் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டிருக்கிறது. அதில் ஒரு சாவி இருக்கிறது. சின்னவள் ஓர் அடி தள்ளி நிற்கிறாள். அந்தக் கையை இன்னும் எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருப்பது என்பது இனி உங்கள் பாடு. அக்காவுக்குக் கை வலிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வலிக்கட்டும் என்று தோன்றினால், அதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.