எழுபத்தெட்டுப் பேர்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு இளைஞர் மன்றத்தைத் திறக்க வந்த ஜைனுலாப்தீன், வாசலில் நின்றிருந்த இருசக்கர வண்டியைக் கண்டதும் கையிலிருந்த சாவியைத் தவறவிட்டார். வண்டி, காவல்துறைத் தனிப்பிரிவு ஏட்டு காமராஜுடையது. சீருடை அணியாத காவலர் ஒருவர் பள்ளிவாசல் தெருவுக்குள் நுழைந்தால், வந்த காரணத்தை அங்கே எவரும் முதலில் ஆராய்வதில்லை. முதலில் அஞ்சுவார்கள், பிறகே காரணம் கேட்பார்கள். ஒரு குற்றமும் செய்யாத மக்களை இவ்வாறு அஞ்சப் பழக்கிய பெருமை எவருக்கு உரியது என்பதை உரியவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ராஜபாளையத்தின் அந்தத் தெருவில் ஜமாஅத்தின் நற்பணிச் சங்கம் பன்னிரண்டு ஆண்டுகளாக அம்மன்றத்தை நடத்தி வந்தது. கீழே படிப்பகம்; மாடியில் காவலர் தேர்வு முதலான அரசுத் தேர்வுகளுக்குக் காலைப் பயிற்சி வகுப்பு. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்த ஜைனுலாப்தீனே சங்கத்துக்கும் மன்றத்துக்கும் செயலாளர். ஐம்பத்து மூன்று வயது. ஊரில் ஒரு சொல் சொன்னால் நால்வர் கேட்பர் என்னும் பெருமிதம் அவருக்கு உண்டு; அந்தப் பெருமிதமே அவருக்குக் கேடாக முடிந்தது.

"ஏன் பாய் இப்படி வேர்க்குது? நல்ல சமாச்சாரமாத்தான் வந்திருக்கேன்" என்றார் காமராஜ். "உங்க மன்றத்துல படிச்ச புள்ள ஒண்ணு போலீஸ் வேலைக்குத் தேறியிருக்கு. வெரிபிகேஷன். பேரு ரிஸ்வானா, தகப்பன் பேரு பீர் முகமது."

ஜைனுலாப்தீனுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. மன்றத்திலிருந்து காவல் பணிக்குத் தேறிய முதல் பிள்ளை அவள். பேண்டேஜ் துணித் தறியில் நிற்கும் ஒருவனின் மகள், விடியற்காலையில் தலையில் முக்காட்டை இறுகக் கட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் ஓடிப் பழகியதை ஊரே பார்த்திருந்தது.

"தங்கமான புள்ள ஏட்டையா."

"தங்கம்னா சரிதான். அப்ப கேஸ் எப்படி வந்துச்சு?" காமராஜ் ஒரு தாளை விரித்தார். "மதுக்கடையை எடுக்கச் சொல்லி நீங்க மறியல் பண்ணீயள்ல, அந்தக் குற்ற எண். எழுபத்தெட்டுப் பேரு. அறுபத்தோராவது பேரு ரிஸ்வானா, தகப்பன் பீர் முகமது. அந்தப் புள்ள படிவத்துல 'என் மேல வழக்கு இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கு. வழக்கு இருந்தாக்கூடப் பேசிப் பாக்கலாம் பாய். மறைச்சாச்சுன்னா வேலை போச்சு. திங்கக்கிழமை நான் ரிப்போர்ட் அனுப்பியாகணும்."

அறுபத்தோராவது பெயரை எழுதிய கை எது என்று ஜைனுலாப்தீன் எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்து மாதங்களுக்கு முன், பெண்கள் பள்ளிக்குப் பக்கத்தில் திறந்த மதுக்கடையை அகற்றக் கோரிச் சங்கம் சாலை மறியல் செய்தது. கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயமானது. நம் ஊர்களில் மறியல் என்பது இன்னவாறு நடக்கும் என்பதை யாவரும் அறிவர். கால்மணி நேரம் சாலையில் அமர்வார்கள்; காவலர்கள் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபம் ஒன்றில் வைப்பார்கள்; நண்பகலில் சாப்பாட்டுப் பொட்டலம் வரும்; மாலையில் விட்டுவிடுவார்கள். இடையில் பெயர்ப்பட்டியல் ஒன்று எழுதப்படும். எழுத வேண்டியவர் நிலைய எழுத்தர். அவரோ மண்டப வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "உங்க கையெழுத்து முத்து மாதிரி இருக்கு பாய், நீங்களே எழுதிக் குடுத்திருங்க" என்று தாளைச் செயலாளரிடம் தள்ளிவிட்டுக் கைப்பேசியில் ஆழ்ந்தார். தலைகளை அவர் எண்ணவில்லை. அரசு ஆவணம் ஒன்று பிறந்த அழகு இது.

மண்டபத்தில் இருந்தவர்கள் முப்பத்தேழு பேர். அதற்கு முந்தைய மாதந்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சங்கத்தார் எழுபது பேர் கைதானதாகச் செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். நம் சங்கம் அதற்குக் குறையலாமா என்று செயலாளருக்குத் தோன்றியது. மறியல் பட்டியலில் பெயர் இருந்தால் என்ன ஆகிவிடும், எல்லாம் நாளடைவில் தள்ளுபடியாகிவிடும் என்பது ஊரில் அனைவரும் நம்பிய ஒன்று. ஜைனுலாப்தீன் தம் பையிலிருந்த பயிற்சி வகுப்பின் வருகைப் பதிவேட்டை எடுத்தார். அதில் பெயர், தகப்பனார் பெயர், வயது, கதவிலக்கம் எல்லாம் ஆயத்தமாக இருந்தன. மேலிருந்து கீழாக நாற்பத்தொரு பெயர்களைப் பெயர்த்தெழுதினார். அன்று ரிஸ்வானா மதுரையில் உடல்தகுதித் தேர்வில் ஓடிக்கொண்டிருந்தாள். விடியலில் அவளைப் பேருந்தேற்றிவிட்டு இறைவனிடம் துஆ செய்தவரும் அவரே. எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. எண்ணிக்கை மட்டுமே நினைவில் இருந்தது.

புதன்கிழமை காலையில் ரிஸ்வானாவும் பீர் முகமதுவும் அவருடைய கடைக்கு வந்தார்கள். ஏட்டு அவர்கள் வீட்டுக்கும் போய்விட்டு வந்திருந்தார். பீர் முகமதுவின் சட்டையில் தறியின் பஞ்சு அப்படியே ஒட்டியிருந்தது.

"அண்ணே, எம்மகள் பேரை எவன் போலீசுல குடுத்தான்? நீங்க அங்ஙனதானே இருந்தீய?"

ஜைனுலாப்தீன் கையிலிருந்த செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்று எத்தனை என்பது தவறிவிட்டது.

"கூட்டத்துல ஆரு என்ன குடுத்தான்னு எனக்கு எப்படித் தெரியும் பீரு?"

"எனக்குத் தெரியும்ணே. தாவூதுதான். அவன் மகனுக்கு இவளைக் கேட்டு வந்தான்லா, நான் இல்லைன்னேன். அந்த வயித்தெரிச்சல்."

"அத்தா, செத்த நேரம் சும்மா இருங்க" என்றாள் ரிஸ்வானா. பிறகு ஜைனுலாப்தீனுக்கு நேர் எதிரில் வந்து நின்றாள். "மாமா, திங்கக்கிழமைக்குள்ள எழுதுனது ஆருன்னு தெரிஞ்சாப் போதும். நான் சண்டைக்குப் போக மாட்டேன். அவிய ஒரு வார்த்தை, அந்தப் புள்ள அங்க இல்லைன்னு எழுதிக் குடுத்தா என் வேலை நிக்கும். ஆருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"விசாரிக்கேன்மா" என்றார் அவர். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை மன்றத்தின் பதிவேட்டை எடுத்து அந்த நாற்பத்தொரு பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவன் துபாய் செல்லக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருந்தான். இன்னொருவன் ராணுவத் தேர்வு எழுதியிருந்தான். ஒருத்தி ஆசிரியப் பணிக்குக் காத்திருந்தாள். தங்கள் மேல் ஒரு வழக்கு இருப்பது அவர்களில் எவருக்கும் தெரியாது. இவர்களுடைய தகப்பன்மார் அனைவரும் ஒரே வேளையில் தம் வீட்டு வாசலில் வந்து நிற்பதாக ஒரு காட்சி அவர் கண்முன் எழுந்தது. அதன் பிறகு, தெருவில் எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்துபோய்க் கதவிடுக்கு வழியே பார்த்தார்.

வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தேறி, நீதிமன்றத்துக்கு எதிரே அறை வைத்திருந்த வழக்கறிஞர் பாண்டிச்செல்வத்தைப் பார்த்தார். அவருடைய தந்தைக்குப் பம்பு செட்டு மோட்டார் கட்டிக்கொடுத்த பழக்கம். எவருக்கோ நடந்ததாகச் சொல்லத் தொடங்கி, மூன்றாவது வாக்கியத்திலேயே அகப்பட்டுக்கொண்டார்.

"அந்த எவரோ ஒருத்தர் நீங்கதானே அண்ணாச்சி?" என்றார் வழக்கறிஞர். "ஆளைப் பாத்தாலே தெரியுது. பிரமாணப் பத்திரம் ஒண்ணு போடுங்க. 'பட்டியலை நான்தான் எழுதினேன், இந்தப் பெண் அங்க இல்லை'ன்னு. மதுரையில ஓடுனதுக்குப் போலீஸ் சீலே இருக்கு. பொழைச்சுக்கும்."

"எனக்கு என்ன ஆகும்?"

"அரசு ஊழியர்கிட்டப் பொய்த் தகவல் குடுத்ததுக்கு உங்க மேல கேஸ் போடலாம். போடாமலும் விடலாம். அந்த ரைட்டரும் சேந்து மாட்டுவான், அதனால ஸ்டேசன்ல உங்க மேல ஆருக்கும் பிரியம் இருக்காது. முஸ்லிம் சங்கத்துச் செயலாளரு போலீசுக்குப் பொய்ப் பட்டியல் குடுத்தாருன்னு செய்தி வந்தா எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை."

அவர் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தச் செய்தியின் ஒவ்வோர் எழுத்தையும் ஜைனுலாப்தீன் அதற்குள் மனத்தில் படித்து முடித்திருந்தார். மன்றத்துக்குப் பூட்டு, படிப்பகத்தில் சோதனை, பயிற்சி வகுப்பில் என்ன கற்பிக்கிறார்கள் என்று நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். ஒருவரின் அற்பப் பெருமை ஓர் ஊரின் மீது பழியாக இறங்கும். பத்திரத்தைப் பிறகு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். திரும்பும் வழியில் பேருந்தில் காவலர் ஒருவர் ஏறியபோது, தம்மை அறியாமல் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் கலையும் வேளையில், பள்ளிவாசல் முற்றத்தில் பீர் முகமது தாவூதின் சட்டையைப் பிடித்தார்.

"எம்மகள் வயித்துல மண்ணைப் போட்டுட்டு இங்கன வந்து தொழுதியோ?"

தாவூது, பருத்தி அரவை ஆலையில் மேஸ்திரி. வாட்டசாட்டமான மனிதர். திருப்பி அடிக்கவில்லை. பிடியை மெல்ல விலக்கினார்.

"பீரு, பள்ளிவாசல்ல நிக்கேன். என் மகனுக்குப் பொண்ணு இல்லைன்னு நீ சொன்னது உன் உரிமை. அதுக்காக ஒரு புள்ளை பொழைப்பைக் கெடுப்பேனா? அம்புட்டுச் சந்தேகம்னா ஒண்ணு செய்வோம். திங்கக்கிழமை காலையில நீயும் நானும் ஸ்டேசனுக்குப் போவோம். அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லுவோம். எழுதுன கையெழுத்து என்னோடதா வேற ஆரோடதான்னு பாத்துருவோம். என்ன ஜைனு, நீயும் வாரியா? செயலாளரு வந்தாத்தான் அவியளும் மதிப்பாவ."

முற்றத்தில் இருந்தவர்கள் அனைவரும் ஜைனுலாப்தீனைப் பார்த்தார்கள். "வாரேன்" என்றார். முற்றத்து அறிவிப்புப் பலகையில் நோன்பு நேரம் முதல் இரத்ததான முகாம் வரை பன்னிரண்டு ஆண்டுகளாக எழுதி வருபவர் அவர். அந்தக் கையெழுத்தை ஊரில் எழுத்தறியாதவர்கள்கூட அடையாளம் காண்பார்கள்.

சனிக்கிழமை அவர் கடையைத் திறக்கவில்லை. பட்டியலை நிலையம் தொலைத்திருக்கக்கூடும் என்று ஒரு கணம் நம்பினார். மறுகணமே, தொலைந்துபோனால் ரிஸ்வானாவைக் காக்கும் சான்றும் தொலைந்துபோகும் என்பதை உணர்ந்தார். தொலையட்டும் என்று நெஞ்சின் ஒரு மூலை அப்போதும் வேண்டிக்கொண்டதை அவரால் மறைக்க முடியவில்லை. அந்த மூலையைக் கண்டு அவர் அஞ்சியதைப் போலக் காவல் நிலையத்தைக் கண்டும் அஞ்சியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் வழக்கறிஞரின் வீட்டுக்கே போய்ப் பத்திரத்தை எழுதி வாங்கினார். திங்கட்கிழமை தாவூதும் பீர் முகமதுவும் பத்து மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. இவர் ஒன்பது மணிக்கே நிலையத்தின் வாசலில் நின்றார். இதைத் துணிவு என்று எவரேனும் புகழ்ந்தால் அது பொய். மற்றவர்கள் கண்டுபிடிப்பதற்குள் தாமே சொல்லிவிட வேண்டும் என்ற அச்சமே அவரை முந்தச் செய்தது.

உள்ளே காமராஜின் மேசைக்கு எதிரில் ரிஸ்வானா இருந்தாள். விசாரணைக்காக அழைத்திருந்தார்கள். உடல்தகுதித் தேர்வின் முத்திரையிட்ட சீட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

"வாங்க பாய். என்ன இம்புட்டுக் காலையில?"

ஜைனுலாப்தீன் பத்திரத்தை மேசைமேல் வைத்தார். காமராஜ் முதலிலிருந்து கடைசிவரை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"யோசிச்சுத்தான் குடுக்குதியளா?"

"ஆமா ஏட்டையா."

"இந்தப் புள்ள மட்டுமா?"

பிரமாணப் பத்திரத்தில் ரிஸ்வானாவின் பெயர் மட்டுமே இருந்தது. வழக்கறிஞர் அவ்வாறே எழுதச் சொல்லியிருந்தார். இல்லை என்று சொல்ல ஒரு வினாடி இருந்தது. துபாய்க்குப் போகிறவனும் ராணுவத் தேர்வு எழுதியவனும் அந்த வினாடிக்குள் நின்றார்கள்.

"நாப்பத்தோரு பேரு" என்றார் ஜைனுலாப்தீன். "முப்பத்தெட்டுல இருந்து எழுபத்தெட்டு வரைக்கும். ஒருத்தரும் அங்க இல்லை. பதிவேட்டைப் பாத்து எழுதுனேன்."

காமராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்களுக்குக் குழி தோண்டிக்கிட்டது போக எங்க ரைட்டருக்கும் சேத்துத் தோண்டியாச்சு. கேஸே சந்தி சிரிக்கும். நான் இதுல ஒண்ணும் சொல்ல முடியாது. இன்ஸ்பெக்டர் பதினொரு மணிக்கு வருவாரு. அவரு இதை வாங்குவாரோ, கிழிச்சுப் போடுவாரோ, உங்களை உள்ள வைப்பாரோ, அவரு இஷ்டம். அதுவரைக்கும் அங்கன உக்காருங்க. வெளிய போகாதிய." தாளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குச் சென்றார்.

சுவரோரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. ஜைனுலாப்தீன் அதன் ஒரு முனையில் அமர்ந்தார். ரிஸ்வானா எழுந்து வந்து அவருக்கு எதிரே, புதன்கிழமை நின்ற அதே தொலைவில் நின்றாள். அவள் அழவில்லை. கோபத்தில் குரலை உயர்த்தவுமில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

"உங்க முன்னாடி நின்னுதானே மாமா கேட்டேன்."

வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா எங்கத்தா பள்ளிவாசல்ல ஒரு மனுசன் சட்டையைப் பிடிச்சிருக்க மாட்டாக. இனிமே அவிய மூஞ்சியில எப்படி முழிப்பாக?"

"பயந்துட்டேன்மா."

"நானுந்தான் பயந்தேன்" என்றாள் அவள். "நான் பயந்தது ஒண்ணும் செய்யாம."

ரிஸ்வானா பெஞ்சின் மறு முனையில் போய் அமர்ந்தாள். இருவருக்கும் நடுவில் நால்வர் அமரும் இடம் வெறுமையாகக் கிடந்தது. பத்தேகாலுக்குப் பீர் முகமதுவும் தாவூதும் வாசலில் வந்து நின்றதும், உள்ளே விடாமல் காவலர் ஒருவர் அவர்களைத் தடுத்ததும் சன்னல் வழியே தெரிந்தன. தாவூது ஜைனுலாப்தீனைப் பார்த்துக் கையசைத்தார். தங்களுக்கு முன்பே வந்துவிட்ட செயலாளரை நன்றியோடு பார்க்கும் பார்வை அது. ஜைனுலாப்தீனால் கையை உயர்த்த முடியவில்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வெளியே ஜீப் வந்து நின்றது. நிலையத்திலிருந்த காவலர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். ரிஸ்வானாவும் எழுந்தாள், குதிகால்களைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்து நின்றாள். ஜைனுலாப்தீன் எழ முயன்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருவாறு நிமிர்ந்தபோது, இன்ஸ்பெக்டரின் காலணி ஒலி வாசற்படியைக் கடந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.